கட்டடம் பேசாது, காகிதம்தான் பேசும்



இந்த முறை உங்களிடம் ஒரு கேள்வியோடு வருகிறேன். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வயது என்ன?

“தாத்தா காலத்துக் கோயில்” என்பீர்கள். சரி, எந்த ஆண்டு கட்டியது? இடம் கொடுத்த துரை யார்? முதலில் அத்தாப்புக் கொட்டகையாக இருந்து, பிறகு கல் கட்டடம் ஆனதா? அப்போது சம்பளத்தில் பிடித்துப் பணம் கொடுத்தவர்கள் யார் யார்? இப்படி அடுத்தடுத்துக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். வீட்டிலுள்ள பெரியவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்போம். அந்தப் பெரியவரும் போய்விட்டால் யாரைக் கேட்பது?

விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. தோட்டத்து நிலம் கைமாறி, வீடமைப்புத் திட்டமோ நெடுஞ்சாலையோ வரும்போது, “இது பழைய இடம், இடிக்காதீர்கள்” என்று நாம் சொல்லத்தான் செய்கிறோம். “எவ்வளவு பழையது? ஆதாரம் என்ன?” என்று திருப்பிக் கேட்டதும் வாயடைத்துப் போகிறோம்.

பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்றே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. அதை நடத்த ஓர் ஆணையரும் இருக்கிறார். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், நம் பங்குக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும். முதலில் பக்கத்து ஊர்க் கதையைப் பார்ப்போம்.

பாலத்துக்கு அப்பால்

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூர், 1960-களில் பழைய கடைவீடுகளையும் தெருக்களையும் இடித்து அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கியது. மக்களுக்கு வீடு வேண்டும்; அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றையும் இடித்துவிட்டால், நாளை பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கும் என்ற கவலையும் எழுந்தது. அதனால் 1970-ல் நினைவுச் சின்னங்களைக் காக்க ஒரு சட்டம் செய்தார்கள். 1971-ல் அதற்கென ஒரு வாரியம் அமைத்தார்கள். எந்தக் கட்டடத்தைக் காக்க வேண்டும், ஏன் காக்க வேண்டும் என்று ஆராய்ந்து அமைச்சருக்குச் சொல்வதே வாரியத்தின் வேலை. அமைச்சர் ஆணையிட்டு, அது கெஸட்டில் வந்துவிட்டால், பிறகு யாரும் நினைத்தபடி அதில் கை வைக்க முடியாது.

1973-ல் முதன்முதலாக 8 கட்டடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தேவாலயங்கள், ஒரு பள்ளிவாசல், ஒரு சீனக் கோயில், ஒரு சந்தை என்று அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் இடம் இருந்தது. நமக்கும் இருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் அந்த எட்டில் ஒன்று.

அந்தக் கோயில் 1827-ல் பலகையும் அத்தாப்புமாக எழுந்தது. அதற்கு அடிகோலியவர் நாராயண பிள்ளை. 1819-ல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்து, செங்கல் சூளை வைத்துப் பிழைத்தவர். கப்பலிலிருந்து இறங்கிய நம்மவர்கள், ஒரு வேலை கிடைக்கும்வரை தங்குவதற்கும் அந்தக் கோயில்தான் இடம் கொடுத்தது. கல்யாணம் பதிவதும் அங்கேயே நடந்தது. அது சாமி கும்பிடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. வந்தவர்களுக்குத் தாய்வீடாக இருந்தது. அதைக் கட்டியவர் யார், எந்த ஆண்டு, எதற்கெல்லாம் பயன்பட்டது என்று எழுதி வைத்திருந்ததால்தான் அதன் பெருமையை எடுத்துச் சொல்ல முடிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எட்டில் இருந்த சந்தையின் கதை இன்னும் சுவையானது. தெலோக் ஆயரில் 1894-ல் வார்ப்பிரும்புத் தூண்களால் எட்டு மூலையாகக் கட்டிய சந்தை அது. 1986-ல் அதன் அடியில் இரயில் சுரங்கம் தோண்ட வேண்டி வந்தது. பட்டியலில் இல்லாத கட்டடமாக இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். பட்டியலில் இருந்ததால் இரும்புத் துண்டுகளைக் கழற்றி, அடையாளமிட்டுப் பத்திரப்படுத்தினார்கள். சுரங்க வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடியும் பூட்டி நிறுத்தினார்கள். லாவ் பா சாட் என்று சொல்லி நம்மவர்கள் சாப்பிடப் போகிற இடம் அதுதான்.

அந்த வாரியம் 2009-ல் தேசிய மரபுடைமைக் கழகத்தோடு இணைந்தது. பெயர் மாறினாலும் வேலை தொடர்ந்து நடக்கிறது.

நம் நாட்டுச் சட்டம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டில் 1976-ல் பழம்பொருள் சட்டம் ஒன்று வந்தது. அதில் பொதுவாக 100 ஆண்டு என்பதே அளவுகோல். 1910-ல் கட்டிய தோட்டத்துக் கோயிலுக்கு 1980-ல் வயது 70-தான். ஆக, நம் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட ஆண்டுகளில், நம் கோயில்களும் பள்ளிகளும் அந்த அளவுகோலுக்கு எட்டாத சின்னப் பிள்ளைகளாகவே இருந்தன.

பிறகு 2005-ல் தேசிய மரபுடைமைச் சட்டம் நிறைவேறியது. 2006 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் கீழ்தான் மரபுடைமை ஆணையர் இருக்கிறார். மலாயில் பெசுருஜாயா வாரிசான் என்பார்கள். அவருடைய கையில் ஒரு பதிவேடு இருக்கிறது. கட்டடம், இடம், பொருள் மட்டுமன்றி, ஆட்டம் பாட்டு போன்ற கலைகளையும் அதில் பதியலாம். அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு மன்றமும், செலவுக்கு ஒரு நிதியும் உண்டு.

ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க எதையெல்லாம் பார்ப்பார்கள்? நாட்டு வரலாற்றோடு அதற்குத் தொடர்பு உண்டா? கட்டிய விதத்தில் சிறப்பு உண்டா? அதைப்போல வேறு இல்லாத அபூர்வமா? ஒரு சமூகத்தின் வாழ்வோடு கலந்ததா? இவைதாம் முக்கியமான கேள்விகள். வெறும் வயது மட்டும் போதாது. வயது குறைவு என்பதற்காகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. காடு வெட்டி, ரயில் பாதை போட்டு, பால்மரம் சீவி இந்த நாட்டை வளர்த்தவர்களின் இடங்களுக்கு நாட்டு வரலாற்றோடு தொடர்பு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆணையர் ஓர் இடத்தை மரபுடைமை இடமாக்க எண்ணினால், நில உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பொதுமக்களும் அறியும்படி விளம்பரம் செய்ய வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த தவணைக்குள் எழுதித் தெரிவிக்கலாம். அவர்களை அழைத்து விசாரிப்பார்கள். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால் மாநிலத்தையும் கலந்து பேச வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கெஸட்டும் பதிவேடும். இதற்கெல்லாம் நாள் ஆகும். இடையில் யாராவது இடித்துவிடக்கூடாது என்பதற்காக, இடைக்காலப் பாதுகாப்பு ஆணை போடவும் ஆணையருக்கு அதிகாரம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நம்மவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாகச் சேர்க்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம் என்று சட்டமே சொல்கிறது. பெரிய பதவியில் இருப்பவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம்.

பதிவேட்டில் இல்லாவிட்டால்

சட்டம் இருந்துமா இடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

கோலாலம்பூர் அம்பாங் சாலையில் போக் மாளிகை என்று ஒன்று இருந்தது. 1929-ல் ஒரு சீனச் செல்வர் கட்டியது. கட்டட அழகுக்குப் பேர்போனது. அதைக் காக்க வேண்டும் என்று பலர் குரல் கொடுத்தார்கள். ஆனால் அது பதிவேட்டில் ஏறவில்லை. மார்ச்சில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே 2006 டிசம்பரில் மாளிகை தரைமட்டம் ஆனது.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் கெடாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து அதிக தூரம் இல்லாத பூஜாங் பள்ளத்தாக்கில், மண்ணுக்கடியிலிருந்து பழைய இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1930-களில் குவாரிச் வேல்ஸ் என்ற வெள்ளைக்கார ஆய்வாளர் அங்கே தோண்டிப் பார்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். புக்கிட் பத்து பஹாட் கோயில் 1960-ஐ ஒட்டிச் சீரமைக்கப்பட்டது. அதன் அருகே மெர்போக்கில் அருங்காட்சியகமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

அந்த இடங்களில் 11-ஆம் எண் பெற்ற சண்டி, சுங்கை பத்து பகுதியில் தனியார் நிலத்தில் இருந்தது. ஆய்வாளர்களுக்குத் தெரியும்; புத்தகங்களிலும் இருந்தது. ஆனால் கெஸட்டில் இல்லை. நிலம் மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டபோது மண்வாரி இயந்திரம் அதையும் சேர்த்து வழித்துவிட்டது. 2013 டிசம்பரில் செய்தி வெளியாகி நாடே பேசியது. என்ன பேசி என்ன? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணோடு மண்ணாகப் பிழைத்துக் கிடந்தது, ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் போய்விட்டது.

படித்தவர்கள் எண் போட்டு வைத்த இடத்துக்கே இந்தக் கதி என்றால், எண்ணும் இல்லாத, எழுத்தும் இல்லாத நம் பெரட்டுக் களத்துக்கும், லயத்துக்கும், ஆயாக் கொட்டகைக்கும், தகரக் கூரைப் பள்ளிக்கும் யார் பொறுப்பு?

கோலகங்சாரில் வட்டார அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் இருக்கிறது. 1877-ல் இந்த நாட்டில் நட்ட முதல் மரங்களில் ஒன்று. அதைச் சுற்றி வேலி போட்டு, பலகை எழுதி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம். அந்த மரம் வந்த பிறகு, இலட்சக்கணக்கான மரங்களைச் சீவிய கைகளும் வந்தன. அந்தக் கைகள் கட்டிய இடங்களுக்கும் ஒரு பலகை வேண்டாமா?

பதிவான பிறகு

பதிவேட்டில் ஏறிவிட்டால் பொறுப்பும் கூடவே வருகிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1891-ல் தம்புசாமி பிள்ளை தொடங்கிய பத்துமலைக் கோயிலை அறியாதவர் நம்மில் இல்லை. 2018 ஆகஸ்டில் கும்பாபிஷேகத்துக்கு முன்பாக, அதன் 272 படிகளுக்கும் பல வண்ணம் பூசினார்கள். உலகம் முழுதும் படம் பிடித்துப் போட்டது. ஆனால் அது மரபுடைமைச் சட்டத்தின் கீழ் உள்ள இடம். முன் அனுமதி பெறாமல் எப்படிப் பூசலாம் என்று மரபுடைமைத் துறை கேள்வி எழுப்பியது. படிகள் வண்ணப் படிகளாகவே நிலைத்துவிட்டன. அது வேறு கதை. ஆனால் சாயம் பூசுவதற்குக்கூடக் கேட்க வேண்டும் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

“நம் கோயிலுக்கு நாம் சாயம் அடிக்க அனுமதியா?” என்று கோபம் வரலாம். காரணம் இல்லாமல் இல்லை. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. அவை ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அந்த ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினாலோ, பிளாஸ்டிக் சாயம் அடித்தாலோ, ஓடு பதித்தாலோ ஈரம் உள்ளேயே அடைபடும். சில ஆண்டுகளில் உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். அழகுபடுத்துகிறோம் என்று நாமே சுவரின் மூச்சை அடைத்துவிடுகிறோம். அதனால்தான் தெரிந்தவர்களைக் கேட்டுச் செய் என்கிறது சட்டம். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலுக்கு 2023-ல் கும்பாபிஷேகம் நடந்தபோது, இந்தியாவிலிருந்து சிற்பிகளை வரவழைத்துக் கோபுரச் சிலைகளைச் செப்பனிட்டார்கள். பதிவான இடம் என்பதால் திருவிழாவோ திருப்பணியோ நின்றுவிடவில்லை. செய்கிற முறைதான் வேறு.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். கெஸட்டில் ஏறினால் நிலம் நமக்குச் சொந்தம் ஆகிவிடாது. நிலம் உரியவரிடமே இருக்கும். இடிக்கவும் மாற்றவும் மட்டும் தடை விழும். ஆகவே மரபுடைமைச் சட்டத்தை நம்பி, நிலப் பட்டாவைப் பற்றிக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். இரண்டும் இரு வேறு கதவுகள். இரண்டையும் தட்ட வேண்டும். எல்லாத் தோட்டத்துக் கோயிலும் பதிவேட்டில் ஏறிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஏறாது. ஆனால் விவரம் திரட்டி வைத்திருப்பவர்கள், மாற்று இடம் கேட்கும் மேசையிலும் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை.

இந்த மாதமே தொடங்கலாம்

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களா? காசு அதிகம் செலவாகாது.

முதலில், உங்கள் லயத்தில், அல்லது நீங்கள் டவுனுக்குக் குடிவந்திருந்தால் உங்கள் தாமானில், அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கைத்தொலைபேசியில் பேச்சைப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. பெயர், ஆண்டு, இடம் இந்த மூன்றையும் கேட்டு எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், “ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, பின்பா? மூத்த பிள்ளை பிறந்திருந்ததா?” என்று கேளுங்கள். கணக்கு வந்துவிடும்.

இரண்டாவது, பெட்டிக்குள் இருக்கும் பழைய படங்களை எடுங்கள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் தெரிகிற கோயிலையும் பாருங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் ஆண்டும் ஊரும் எழுதுங்கள். திருவிழா நோட்டீஸ், நன்கொடை ரசீது, கும்பாபிஷேக மலர், பள்ளிச் சான்றிதழ், எதையும் குப்பையில் போடாதீர்கள். கோயில் மணியிலும் விளக்கிலும் உபயதாரர் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஆதாரந்தான்.

மூன்றாவது, கட்டடத்தை நான்கு பக்கமும், உள்ளும் புறமும் படம் எடுங்கள். நீளம் அகலத்தை அளந்து எழுதுங்கள். நான்காவது, நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் லாட் எண்ணையும், இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். விற்ற பிறகு கேட்பதைவிட, விற்கும் முன் கேட்பது நல்லது.

ஐந்தாவது, திரட்டியதை மலாய் மொழியில் இரண்டு பக்கத்தில் எழுதி, படங்களோடு மரபுடைமைத் துறைக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஐந்தாம் படிவம் படித்த பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். அந்த வேலையில் பேத்திக்குத் தன் குடும்பக் கதையும் தெரிந்துவிடும்.

நம் முன்னோர் எழுதத் தெரியாதவர்களாக இருக்கலாம். செக்ரோலில் கைநாட்டு வைத்தவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் கல் சுமந்து, மண் சுமந்து ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கோயிலையும் ஒரு பள்ளியையும் விட்டுப் போனார்கள். அவர்கள் எழுதாததை எழுதி முடிக்க வேண்டியவர்கள் படித்த நாம்தான். ஆணையரிடம் அதிகாரம் இருக்கிறது. ஆனால் உங்கள் தோட்டத்தின் பெயரே அவர் காதில் விழாவிட்டால் அவர் என்ன செய்வார்? அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!

ஆகவே மீண்டும் கேட்கிறேன், உங்கள் கோயிலுக்கு வயது என்ன? பதில் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.